கேட்டது கிடைக்காதவர்களும் பேசவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவருடைய தாயார் ஒரு நாள் தவறாமல் கோவிலுக்குப் போகிறாராம். செபமாலை சொல்லாமல் படுக்கமாட்டாராம். ஆனால் கேட்ட ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் கல்யாணம் இழுபடுகிறது, தகப்பனாரின் வருத்தம் குறையவில்லை, தம்பிக்கு இன்னும் ஒரு வேலை சரிவரவில்லை. அப்படியிருந்தும் "எனக்கு மனம் நிறைவாக இருக்கு மகன்" என்று தாயார் சொல்கிறார், இது தன்னைத் தானே ஏமாற்றுவது இல்லாமல் வேறென்ன என்று கேட்டிருந்தார்.

கோபத்தில் எழுதிய கடிதமாக எனக்குப் படவில்லை. தாயில் உள்ள பாசத்தில் கேட்ட கேள்வி அது. குருக்கள் யாராவது படித்த முறையில் அதற்குப் பதில் எழுதக்கூடும். நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். கணவர் கடற்றொழில் செய்கிறார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்தேன், அவ்வளவுதான். ஆனாலும் தம்பி கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே பல காலம் இருந்த கேள்வி. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பியோடு ஒத்துப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலாவெளி வீதி மதில்களில் ஒட்டியிருக்கிற செபக் கூட்டங்களின் நோட்டீசுகளை நானும் பார்க்கிறேன். வாருங்கள், நோய் தீரும், கடன் தீரும், வெளிநாட்டுக் கதவு திறக்கும். எங்கள் கத்தோலிக்கக் கோவில்களிலும் அந்தப் பேச்சு இல்லாமல் இல்லை. திருநாள் காலத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் கிடைத்தவர்கள். விசா கிடைத்தவர், பிள்ளை கிடைத்தவர், சத்திரசிகிச்சை இல்லாமலே சுகமானவர். பத்திரிகைகளின் சிறு விளம்பரங்களிலும் கேட்ட வரம் தந்த புனிதருக்கு நன்றி என்றுதான் வருகிறது. அவர்களுடைய நன்றி உண்மையானது, அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பின்னால் வாங்குகளில் இருக்கிறவர்களில் கிடைக்காதவர்கள்தான் கூட. அவர்களை யாரும் முன்னுக்குக் கூப்பிடுவதில்லை. இதையே பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு, விசுவாசம் என்றால் கேட்டு வாங்குகிற காரியம், வாங்க முடியாதவர் ஏமாந்தவர் என்று படுகிறது. அதில் பிள்ளைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நான் கிடைக்காத பக்கத்து ஆள்.

1990-இல், ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, வீட்டை விட்டு வெளியே போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. எப்படி, யாரால் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதவேண்டிய இடங்களுக்கெல்லாம் அம்மா எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, இயேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபியர் அடிகளார் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகிற வழியில் காணாமற்போனார். அமெரிக்காவில் லூசியானாவில் பிறந்து, எங்கள் கிழக்குக்கு வந்து, பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். சண்டைக்குள் அகப்பட்டிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவப் போன பயணம் அது. அவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. சுவாமிக்கே இந்தக் கதி என்றால் உன் பிள்ளையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு சொந்தக்காரர் அம்மாவிடம் கேட்டார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே இடத்தில இருப்பினம்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்தே செபம் சொன்னார்.

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் புனித அந்தோனியார் என்பது எங்கள் நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை தோறும் அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். அண்ணன் வரவில்லை. 2011-இல் அம்மா காலமானார். அண்ணன் வந்துவிட்டாரா என்று கடைசிக் கிழமையிலும் கேட்டார்.

இனி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அம்மா தன்னை ஏமாற்றிக்கொண்டாரா? பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான். அம்மா சாந்தமாக, எல்லாம் கடவுள் சித்தம் என்று சிரித்துக்கொண்டிருந்த ஆள் இல்லை. விடிய எழும்பித் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டே கடவுளோடு சண்டை பிடிப்பார். வாய்விட்டு, பெயர் சொல்லி. "உனக்கும் ஒரு தாய் இருந்தாதானே, அவ மூண்டு நாள் உன்னைத் தேடினாதானே, எனக்கு எத்தனை வருசம்?" என்று கேட்பார். பன்னிரண்டு வயது இயேசுவைத் தவறவிட்டு மரியாளும் சூசையப்பரும் மூன்று நாள் தேடி எருசலேம் கோவிலில் கண்டெடுத்த கதையைத்தான் அப்படி இழுப்பார். எனக்கு அப்போது பயமாக இருக்கும். சுவாமி கேட்டால் என்ன நினைப்பார் என்று யோசிப்பேன்.

பிறகுதான் வேதாகமத்தில் இருக்கிற திருப்பாடல்களை ஆறுதலாக இருந்து படித்தபோது தெரிந்தது, அம்மா பேசியது அதற்கு வெளியே இருந்த பேச்சே இல்லை என்று. எத்தனை பாடல்கள் எதுவரை, எதுவரை என்று கேட்கின்றன! அவற்றில் பெரும்பாலானவை கடைசி வரிகளில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ஆவது திருப்பாடல் திரும்புவதே இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை. குருக்களும் கன்னியர்களும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் படுக்கப் போகுமுன் சொல்கிற செபத்தில் அதை வைத்திருக்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்றுதான் கேட்டார். அதுவும் ஒரு திருப்பாடலின் முதல் வரி.

தம்பி, ஏமாந்தவர்கள் சண்டை பிடிக்கமாட்டார்கள். எதிரில் ஆள் இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று உள்ளுக்குள் உறுதியாகத் தெரிந்த ஆளால்தான் இருபது வருசம் ஒருவரோடு வாக்குவாதப்பட முடியும். சண்டை முடிந்ததும் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு பூசைக்குப் போவார். யாருடன் சண்டை பிடித்தாரோ அவரையே நற்கருணையில் வாங்கிக்கொண்டு வருவார். வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தில் இருந்ததை நான் நிறைவு என்றே சொல்லுவேன். கவலை இல்லாத முகம் என்று சொல்ல முடியாது. தனியாக விடப்படாத ஆளின் முகம்.

இன்னொன்றும் கண்டேன். எங்கள் பகுதியில் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் காணாமற்போனார்கள். சைவ வீடுகளும் உண்டு, இஸ்லாமிய வீடுகளும் உண்டு. அம்மா ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுப் படியில் இருப்பார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்றோ பிள்ளை வரும் என்றோ ஒரு சொல் சொல்லமாட்டார். இருந்துவிட்டு வருவார். அவர் செத்த வீட்டுக்கு அந்தத் தாய்மார் எல்லோரும் வந்தார்கள். அதில் ஒருவர் எனக்குச் சொன்னது: "உன்ர அம்மா ஒண்டும் சொல்லாததாலதான் அவவ நான் வீட்டுக்க விட்டனான்."

அம்மாவின் விசுவாசம் அம்மாவுடையது. அது எனக்குச் சொத்தாக எழுதி வரவில்லை. நான் பிறந்த பிள்ளையாகவே ஞானஸ்நானம் பெற்றவள், பாட்டு மண்டலியில் பாடியவள், கல்யாணம் முடித்து வந்த பிறகும் ஞாயிறு பூசையை விட்டதில்லை. இருந்தாலும் உள்ளே ஒன்றும் அசையாமல் வருசங்கள் போயின. என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் அடுத்ததைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஞான ஒடுக்கம் வைப்பார்கள், மௌனமாக இருந்து செபிக்கிற நாட்கள். ஒருமுறை ஒரு சிஸ்டர் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். எங்கள் கிழக்கில் இயேசு சபைக் குருக்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்தே இருப்பதால் இங்குள்ள பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள். இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521-இல் பம்பலோனாச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கியது. வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. பொழுது போகப் போர்வீரர் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் இருந்ததோ இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். சரி என்று அவற்றைப் படித்தார். படிக்காத நேரத்தில் இரண்டு விதமாகக் கனவு காண்பார். ஒன்று, சுகமாகி எழும்பி, ஒரு பெரிய இடத்துப் பெண்மணி மெச்ச வீரச்செயல் செய்வது. மற்றது, புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பது. இரண்டுமே நினைக்கிற நேரத்தில் இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் இனிப்பு நின்றது. அந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். பிறகு அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த செபமுறை எல்லாம் அந்தக் கவனிப்பில் இருந்து வந்தது.

பதினைந்து வயதில் கேட்ட கதை. அப்போது பரீட்சைக்குப் படித்த பாடம் மாதிரிக் கேட்டுவிட்டுப் போனேன். அது எனக்கு உதவத் தொடங்கியது நாற்பதைத் தாண்டிய பிறகு.

இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று நாளின் முடிவில் செய்கிற ஆத்தும சோதனை. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்கிறது என்றுதான் எங்களில் பலருக்குத் தெரியும். அவர் அதை நாள்தோறும் செய்யச் சொன்னார். அதுவும் நன்றி சொல்லித் தொடங்கச் சொன்னார், குற்றங்களை எண்ணித் தொடங்கச் சொல்லவில்லை. நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, போன நாளை மெதுவாக நடத்திப் பார்த்து, வருந்தவேண்டியதற்கு வருந்தி, வருகிற நாளைக் கடவுள் கையில் கொடுப்பது. இரவில் எனக்கு நித்திரை வந்துவிடும். அதனால் விடியப்புறம் மூன்று மணிக்கு முந்தின நாளைப் பார்க்கிறேன்.

அந்த நேரத்தில்தான் மா குழைப்பேன். வறுத்த அரிசிமாவில் கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக்காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே குழைத்துவிடவேண்டும். ஆறவிட்டால் இடியப்ப உரல் இறுகும், புரி அறுந்து அறுந்து விழும். உரலை அமத்தித் தட்டில் சுற்றுகிற கைக்கு யோசனை தேவையில்லை, அது தன்பாட்டுக்குச் செய்யும். ஓர் அடுக்கு அவிகிற நேரம் நானும் கடவுளும் முந்தின நாளும்தான். ஒரு வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் மனம் சுருங்கியது, எந்த இடத்தில் விரிந்தது, அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்பேன். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் தரவேண்டிய காசு, மகளின் டியூசன் காசு, இவைதான் முன்னுக்கு வந்து நின்றன. சரி, அவற்றையே செபமாகச் சொல்லுங்கள் என்று பங்குத்தந்தை சொன்னார். சொன்னேன்.

2022-இன் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். எண்ணெய்க் குதங்கள் இருக்கிற ஊரிலேயே மண்ணெண்ணெய்க்கு நாங்கள் கலனோடு வரிசையில் நின்றோம். எங்கள் படகின் வெளியிணைப்பு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. அது இல்லை என்றால் கடல் இல்லை. எரிவாயுவும் இல்லாமல் நான் விறகடுப்புக்கு மாறினேன். ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று, மாலையில் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு முன்னால் நின்ற கிண்ணியாப் பக்கத்து அம்மா ஒருவர், நோன்பு காலம், அவர் வாயில் பச்சைத்தண்ணீர் படவில்லை. எனக்குத் தலை சுற்றியபோது தன் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அவருடைய தோளில் விழுந்தது. அடுத்த நாள் விடிய அந்த நாளைத் திரும்பப் பார்த்தேன். பார்த்தால், வெறுங்கலனோடு வந்த வயிற்றெரிச்சல் வடிந்துபோயிருக்கிறது. சரிந்த குடை மட்டும் நிற்கிறது. கலைந்த பிறகும் நிற்கிற இனிப்பு என்று சிஸ்டர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மண்ணெண்ணெய் கேட்டு மன்றாடினேன், கிடைக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் கடவுள் இல்லாமல் இருக்கவில்லை.

அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் கிடைக்கத் தொடங்கியபோது விலை லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய் ஆகியிருந்தது. கடன்பட்டு எண்ணெயும் ஐசும் வாங்கிக்கொண்டு போய், வெறும் வலையோடு கரைக்கு வருகிற தொழிலாளியின் முகத்தைப் பார்த்தவர்கள்தான் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைச் சரியாகப் படிக்க முடியும் என்று எனக்குப் படும். பேதுருவும் மற்றவர்களுமாக ஏழு பேர் திபேரியாக் கடலில் இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடிகிற நேரம் கரையில் ஒருவர் நின்று, பிள்ளைகளே, மீன் ஏதும் பட்டதா என்று கேட்கிறார். இல்லை என்கிறார்கள். எங்கள் கரையில் அந்தக் கேள்வியை அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். வெறுமனே வருகிற படகைப் பார்த்தால் தெரியும், தெரிந்தும் கேட்டால் கோபம் வரும். அவர் கேட்கிறார். வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். அது ஆண்டவர் என்று யோவான் சொன்னதும் பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார்.

இந்த இடத்தை என் கணவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது: "அந்த மீனை என்ன விலைக்குக் குடுத்தவை?" தொழிலாளி கேட்கிற முதல் கேள்வி அதுதானே. நானும் தேடிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மீனின் எண்ணிக்கையை இவ்வளவு கவனமாக எழுதிவைத்த ஆள் அதற்கு என்ன நடந்தது என்று எழுதவில்லை. கதை மீனை விட்டுவிட்டுக் கரையில் எரிகிற கரிநெருப்புக்குப் போய்விடுகிறது. அங்கே ஏற்கெனவே மீன் சுட்டு வைத்திருக்கிறது, அப்பம் இருக்கிறது. இவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். வந்து சாப்பிடுங்கள் என்கிறார். சாப்பிட்ட பிறகு, மூன்று முறை தன்னைத் தெரியாது என்று சொன்ன பேதுருவிடம் மூன்று முறை நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வலை நிறைந்தது உண்மைதான். பேதுருவுக்கு மனம் நிறைந்தது எந்த இடத்தில் என்று கேட்டால், நான் அந்த நெருப்படியைத்தான் காட்டுவேன்.

இவ்வளவும் எழுதும்போது நான் எந்த ஊரில் இருந்து எழுதுகிறேன் என்பதையும் மறக்கவில்லை. கோணேசர் கோவில் இருக்கிற மலையடியில் இருந்து எழுதுகிறேன். 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அந்தக் கோவிலை இடித்தார்கள், அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்தார்கள். இந்த ஊர்க் கிறிஸ்தவர் எவரும் அதை விழுங்கிவிட்டுப் பேசக்கூடாது. என் பள்ளித் தோழிகள் வெள்ளிக்கிழமைகளில் அந்த மலை ஏறி இறங்கி வரும்போது அவர்கள் முகத்தில் இருக்கிற நிறைவை அளக்க எனக்கு உரிமை இல்லை. என்னுடையதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நான் என்னைச் சேர்த்து எண்ணிக்கொள்வது வேறொரு வரிசையில். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687-இல் கோவாவில் இருந்து யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், அதை யார் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய முப்பது வருசம் ஒரு சலுகையும் இல்லாமல், கிடைக்கக்கூடிய ஒன்றும் இல்லாமல், வீட்டுக்குள் மெல்லிய குரலில் செபம் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் அவர்கள். 2015 ஜனவரி 14-ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தத் தாய்மாரைத்தான். அவர்களுக்கு விசுவாசத்தால் என்ன கிடைத்தது? வெளியில் இருந்து பார்த்தால் தண்டனைதான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றால், உள்ளே ஒன்று அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

2019 உயிர்ப்புத் திருநாளில் கோவில்களில் குண்டு வெடித்ததையும் சொல்லாமல் விடமுடியாது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் கோவில். கொச்சிக்கடையில் அம்மா வாழ்நாள் முழுக்க மன்றாடிய அதே அந்தோனியாரின் கோவில். அடுத்த ஞாயிறு கோவில்கள் பூட்டிக் கிடந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையை நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளில் நின்று பார்த்தோம். அந்தக் கிழமைகளில் எனக்குச் சமாதானம் இருந்தது என்று சொன்னால் அது பொய். விடியப்புறம் மா குழைக்கிறபோது அம்மா பேசிய பேச்சுத்தான் என் வாயிலும் வந்தது. பிறகு, அப்படிப் பேச எனக்கு ஆள் இருக்கிறார் என்பது புரிந்தது. சந்தோசமாக இருப்பதைத்தான் நிறைவு என்று தம்பி எண்ணினால், தாயார் சொல்வது பொய்யாகத்தான் தெரியும். தாயார் சொல்வது இன்னொன்றாக இருக்கலாம்.

அதனால் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். உங்களைவிட மூத்த ஒரு அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதில் எது கிடைத்தது என்று அம்மாவிடம் கேட்காதீர்கள், அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு நாள் அவர் செபமாலையை வைத்துவிட்டு எழும்புகிற நேரம், இப்போது என்ன கதைத்தீர்கள் என்று கேளுங்கள். வெட்கப்படுவார். விடாமல் கேளுங்கள். உங்கள் பெயர் அதில் வரும், நீங்கள் எழுதிய கடிதமும் வரக்கூடும். அவர் அதற்குள் எவ்வளவு அழுகிறார், எவ்வளவு வாதாடுகிறார், எந்த இடத்தில் அமைதியாகிறார் என்பதைக் கேட்ட பிறகும் அது ஏமாற்று என்று உங்களுக்குப் பட்டால், அப்படியே எழுதுங்கள், நான் படிப்பேன்.

உங்களுக்காகச் செய்து பார்க்க விரும்பினால், இரவில் பத்து நிமிசம் போதும். விசுவாசம் இருக்கிறதோ இல்லையோ, போன நாளை நடத்திப் பாருங்கள். எது வறண்டுபோனது, எது நின்றது என்று மட்டும் பாருங்கள். வேலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

குருக்களுக்கும் சபைப் போதகர்களுக்கும் மரியாதையோடு ஒன்று. அடுத்த திருநாளில், அடுத்த கூட்டத்தில், கிடைத்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் கிடைக்காதவர் ஒருவருக்கும் ஒலிவாங்கியைக் கொடுங்கள். சுகமாகாமலே விசுவாசத்தோடு கட்டிலில் கிடக்கிறவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். நோயில் பூசுதல் கொடுக்கப் போகிற உங்களுக்கு அவர்களை எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்கிற பிள்ளை, தன் செபம் கேட்கப்படாத முதல் நாளிலேயே கோவிலை விட்டுப் போகாது என்று நம்புகிறேன்.

எங்கள் அன்பியத்தில், அதாவது அயல் வீடுகள் சேர்ந்து செபிக்கிற சிறு குழுவில், இதை ஒரு சின்ன அளவில் தொடங்க இருக்கிறோம். உயிர்ப்புத் திருநாளுக்கு முன் வருகிற தபசுக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில், சிலுவைப்பாதை முடிந்த பிறகு, கேட்டது கிடைக்காதவர்கள் ஒரு வீட்டில் கூடி இருந்து கதைப்பது. முதல் கூட்டம் எங்கள் வீட்டில். பிரசங்கம் இல்லை, காணிக்கை இல்லை, யாருக்கும் ஆறுதல் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. சைவ, இஸ்லாமிய அயலவர்கள் வந்தாலும் கதிரை போடுவோம். கடிதம் எழுதிய தம்பி தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்தால் மிகவும் சந்தோசம். முகவரியைப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கேட்டால் கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.